ஐயாவின் உயிலில் ‘பெர் ஸ்டிர்பீஸ்’: தூர்வழியா, தலைவழியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐயா (தகப்பனாரின் தகப்பனார்) 1968-இல் பினாங்கில் எழுதிவைத்த ஆங்கில உயிலில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் வீட்டைத் தம் மூன்று மகன்களுக்கும் சமமாக விட்டிருக்கிறார். அவர்களில் எவராவது தமக்கு முன்னே இறந்துபோனால், இறந்தவரின் ‘இஷ்யூ’ (சந்ததி) அந்தப் பங்கை ‘பெர் ஸ்டிர்பீஸ்’ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். மூத்த மகனான உங்கள் அப்பச்சி (தகப்பனார்) 1971-இலும் ஐயா 1974-இலும் காலமானார்கள். உங்கள் அப்பச்சிக்கு மூன்று ஆண் மக்களும் நீங்களுமாக நால்வர், பெரிய சித்தப்பாவுக்கு ஒரே மகன், சின்னச் சித்தப்பாவுக்கு மூவர். ஆகப் பேரப்பிள்ளைகள் எட்டுப் பேர். அந்த லத்தீன் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ‘இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பெர் ஸ்டிர்பீஸ் கிடையாது என்றே சொல்லிவிட்டது, ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு’ என்று உங்கள் மூத்த அண்ணன் சொல்வது சரியா என்றும் கேட்கிறீர்கள். சொல்லின் பொருளைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், அதற்குப் பின்னால் இருப்பது பங்குக் கணக்கு என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக தேவகோட்டை, காரைக்குடி நீதிமன்றங்களில் பாகப்பிரிவினை வழக்குகளை நடத்திவருபவன். லத்தீனை மொழியாகப் படித்தவன் அல்லன். சட்டக் கல்லூரியில் ரோமானியச் சட்டம் படித்த காலத்தில் பற்றிக்கொண்ட ஆர்வத்தில், தொழிலில் எதிர்ப்படும் சொற்களை மட்டும் வேர்வரை தேடிப் பார்க்கும் வழக்கம் உள்ளவன்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ‘பெர்’ என்பது ‘வழியாக’, ‘படி’ என்று பொருள்தரும் முன்னிடைச் சொல். ‘ஸ்டிர்பீஸ்’ என்பது ஆங்கிலேயரின் உச்சரிப்பு. லத்தீனில் அது ‘ஸ்திர்பேஸ்’, அதன் ஒருமை ‘ஸ்திர்ப்ஸ்’. அகராதிகள் அதற்கு அடிமரம், வேரோடு கூடிய அடிப்பகுதி, அதிலிருந்து விரிந்து வம்சம், குலவழி, சந்ததி என்று பொருள் தருகின்றன. வேரோடு பிடுங்கி எறிவதைச் சொல்லும் ‘எக்ஸ்டர்பேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே சொல்லிலிருந்து பிறந்ததுதான். இந்தச் சொல் லத்தீனுக்கு முன்னால் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பதில் மொழியறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை; ஆகவே அதற்கு மேல் இழுத்துக் கதை சொல்பவர்களை நம்ப வேண்டாம். ‘பெர்’ என்ற சொல் தனக்குப் பின் வரும் பெயரை இரண்டாம் வேற்றுமையில் கேட்கும் என்பதாலும், இங்கே பல அடிமரங்கள் பேசப்படுகின்றன என்பதாலும் ‘ஸ்திர்பேஸ்’ என்று பன்மையில் நிற்கிறது. நீதிமன்ற வளாகத்தில் பலரும் ‘பெர் ஸ்டிர்ப்ஸ்’ என்று சொல்வதைக் கேட்கிறேன்; அது ஒருமையின் எழுவாய் வடிவம், ‘பெர்’ என்பதற்குப் பின் பொருந்தாது.

இதை நம் மொழியில் எப்படிச் சொல்வது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். மனுக்களில் நான் ‘கிளைவழிப் பங்கு’ என்றுதான் எழுதுகிறேன், நீதிமன்றத்தில் எல்லாருக்கும் அது விளங்குகிறது. ஆனால் ‘ஸ்திர்ப்ஸ்’ கிளை அன்று. கிளைக்கு லத்தீனில் ‘ராமுஸ்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. சரியான தமிழ்ச் சொல் ‘தூர்’ என்றே எனக்குப் படுகிறது. நடவு வயலில் நாற்றுப் பிடித்துப் பயிர் பக்கம் வெடித்துப் பெருகுவதைத் ‘தூர் கட்டியிருக்கிறது’ என்கிறோம் அல்லவா, அந்தத் தூர். ஒரு தூரில் ஐந்து கதிர் இருக்கலாம், அடுத்த தூரில் பதினைந்து கதிர் இருக்கலாம். தண்ணீரைத் தூருக்கு இவ்வளவு என்று பிரித்தால் அது பெர் ஸ்டிர்பீஸ். கதிருக்கு இவ்வளவு என்று பிரித்தால் அது ‘பெர் கேபிட்டா’. ‘காபுட்’ என்றால் தலை, ‘காபிட்டா’ என்பது அதன் பன்மை. எனவே பெர் கேபிட்டா என்பது சொல்லுக்குச் சொல் ‘தலைகளின்படி’. பொருளாதாரத்தில் பெர் கேபிட்டா வருமானம் என்று நாளிதழ்களில் படிப்பதும் இதே சொல்தான்.

எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு சொற்களும் ரோமானியச் சட்ட நூல்களிலேயே சேர்ந்து வருகின்றன, ஆனால் சிறு வேறுபாட்டோடு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட ஆசிரியரின் பாடநூலிலும், அதை அடியொற்றிப் பேரரசர் ஜஸ்டீனியன் 533-இல் வெளியிட்ட ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்ற பாடநூலிலும், சொத்து ‘இன் காபிட்டா’ அன்று, ‘இன் ஸ்திர்பேஸ்’ பிரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ என்ற இடத்தில் ‘பெர்’ நிலைத்தது பிற்காலத்தில். ஜஸ்டீனியனின் நூலில் அந்த இடத்தைப் படித்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் ஏறத்தாழ உங்கள் வீட்டுக் கணக்கையே அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது: ஒரு மகன் உயிரோடும், இறந்துபோன இன்னொரு மகனின் பிள்ளைகள் சிலரும் இருந்தால், மகனுக்குப் பாதி, பேரர்கள் இருவரானாலும் அதற்கு மேற்பட்டவரானாலும் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து மறு பாதி, இரண்டு மகன்களும் இறந்து, ஒருவருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளும் மற்றவருக்கு மூன்று நான்கு பிள்ளைகளும் இருந்தாலும், அந்த ஒன்றிரண்டு பேருக்குப் பாதி, இந்த மூன்று நான்கு பேருக்குப் பாதி. பிள்ளைகள் தங்கள் தகப்பனின் இடத்தில் ஏறி நிற்கிறார்கள், தகப்பனுக்கு இருந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பதே அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம். காயுஸின் நூல் பல நூற்றாண்டுகள் காணாமற்போய், 1816-இல் இத்தாலியின் வெரோனா நகரத்து நூலகத்தில், தோலில் எழுதியதை அழித்து மேலே வேறு எழுத்து எழுதப்பட்டிருந்த ஒரு சுவடியின் அடியிலிருந்து மீட்கப்பட்டது என்பதையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நம் ஓலைச்சுவடிகளின் கதையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ரோமிலிருந்து இங்கிலாந்துக்கு இந்தச் சொல் வந்த வழி தேவாலய நீதிமன்றங்களும், ரோமானியச் சட்டம் படித்த அறிஞர்களும். உயில் எழுதாமல் இறந்தவரின் அசையும் சொத்தைப் பங்கிட 1670-இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம், இறந்த பிள்ளையின் சந்ததி அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பங்கு பெறும் முறையை ஏற்றது. 1765 முதல் 1769 வரை வெளிவந்த, ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்கவுரை பெர் ஸ்டிர்பீஸ், பெர் கேபிட்டா என்ற இணையை இரண்டையும் ஒப்பிட்டு விளக்கிச் சொல்கிறது. அங்கிருந்து கல்கத்தா, சென்னை, ரங்கூன், பினாங்கு என்று ஆங்கிலச் சட்டம் போன இடமெல்லாம் இந்தச் சொல்லும் போயிற்று. கொண்டுவிற்கப் போன நம்மவர்கள் அந்த ஊர்களில் ஆங்கில வழக்கறிஞர்களைக் கொண்டு எழுதிய உயில்கள், இன்றைக்கும் இந்த வட்டாரத்து வீடுகளில் இரும்புப் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. உங்கள் ஐயாவின் உயிலும் அந்த வகைதான்.

ஆனால் சொல் கடல் வழியாக வந்ததே தவிர, அது சொல்லும் முறை கடல் வழியாக வரவில்லை. யாக்ஞவல்கியர் ஸ்மிருதியில் ‘பித்ருதோ பாக கல்பனா’ என்று ஒரு தொடர் இருக்கிறது. வெவ்வேறு தந்தையருக்குப் பிறந்தவர்கள் பிரிந்துகொள்ளும்போது பங்கைத் தந்தையர் கணக்கில் வகுக்க வேண்டும் என்பது அதன் பொருள். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் விஞ்ஞானேசுவரர் அந்த ஸ்மிருதிக்கு எழுதிய மிதாக்ஷரம் என்ற உரைதான் தமிழ்நாட்டு இந்துக் குடும்பச் சொத்துச் சட்டத்தின் அடித்தளம். அதன்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் இடையே பங்கு தூர்வழி, ஒரே கிளைக்குள் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இடையே தலைவழி. லத்தீன் தெரியாத நம் முன்னோர் இதைத்தான் காலங்காலமாகச் செய்துவந்தார்கள்.

நீங்கள் செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர் என்பதால் இதை உங்கள் வளவிலேயே காட்டலாம். முகப்பையும் பட்டாலையையும் தாண்டி வளவுக்குள் நுழைந்தால், நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் வரிசையாக இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனையும் வேறு வைக்கும்போது அவனுக்கென்று ஓர் அறை. அவன் காலத்துக்குப் பின் அந்த அறை அவன் மக்களுக்கு. மக்கள் நால்வரானால் நால்வருக்கும் அந்த ஓர் அறைதான், எதிர்ச்சாரியில் இருக்கும் ஒற்றைப் பிள்ளைக்கு முழு அறை. அதற்காக அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரை யாரும் தள்ளிவைப்பதில்லை. இது பெர் ஸ்டிர்பீஸ். அதே ஊரில் கோயில் வரி கட்டும்போது கணக்கு வேறு: அங்கே புள்ளி எண்ணப்படுகிறது. கல்யாணமான ஒவ்வோர் ஆண்மகனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. நான்கு அண்ணன் தம்பிகளும் கல்யாணமாகியிருந்தால் நான்கு புள்ளி, நான்கு வரி. அது பெர் கேபிட்டாவின் சாயல் உள்ள முறை. வீட்டுக்கு ஒரு கணக்கும் கோயிலுக்கு ஒரு கணக்குமாக இரண்டையும் ஒரே சமூகம் ஒரே நேரத்தில் குழப்பமில்லாமல் கையாண்டிருக்கிறது என்பதை, இந்தச் சொற்களை விளக்க நேரும்போதெல்லாம் எண்ணிப் பெருமைப்படுகிறேன்.

இனி உங்கள் அண்ணன் சுட்டும் 19-ஆம் பிரிவு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வாரிசுகள் சேர்ந்து சொத்தை அடைந்தால் அவர்கள் பெர் கேபிட்டா எடுப்பார்கள், பெர் ஸ்டிர்பீஸ் அன்று என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உட்பிரிவு ‘இந்தச் சட்டத்தில் வெளிப்படையாக வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய’ என்று தொடங்குகிறது. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு வெளிப்படையாக வேறுவிதமாகச் சொல்கிறது. உயிரோடு இருக்கும் மகன், மகள், தாய் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு என்றும், முன்னிறந்த மகன் அல்லது மகளின் கிளையில் இருக்கும் வாரிசுகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பங்கு என்றும் அது விதிக்கிறது. லத்தீன் சொல்லைத் தவிர்த்து, கிளை என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லையே அங்கே சட்டம் பயன்படுத்துகிறது. அதனால்தான் 19-ஐ மட்டும் படிப்பவர்களுக்கு 10-இல் இருப்பதும் அதே பெர் ஸ்டிர்பீஸ்தான் என்று தெரியாமல் போகிறது. 19 உண்மையில் வேலை செய்யும் இடங்கள் வேறு. மனைவி, மக்கள், தாய் முதலான முதல் வகை வாரிசுகளும், அவர்களுக்கு அடுத்துத் தகப்பனும் உடன்பிறந்தவர்களும் இல்லாமல் ஒருவர் இறந்து, இறந்துபோன இரண்டு அண்ணன்களின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஓர் அண்ணனுக்கு ஒரு பிள்ளை, மற்றவருக்கு நான்கு என்றால், அங்கே ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பெற்றவர் வழியாக வரும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பிரிவுகள் உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கானவை. உங்கள் ஐயா உயில் எழுதியிருக்கிறார். அது செல்லுபடியாகும் அளவுக்கு 10-ஆம் பிரிவும் இல்லை, 19-ஆம் பிரிவும் இல்லை, உயிலின் வாசகம்தான் சட்டம்.

உங்கள் அண்ணன் மனத்தில் இருக்கும் கணக்குக்கு உலகில் எங்குமே இடமில்லை என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில், மக்கள் எல்லாரும் முன்னரே இறந்து பேரப்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினால், எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் சமப் பங்கு. அதன் கீழ் சட்டமே தரும் எடுத்துக்காட்டில் மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று ஒன்பது பேரப்பிள்ளைகள். ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. அமெரிக்காவிலோ பெர் ஸ்டிர்பீஸ் என்ற ஒரே சொல்லுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விளக்கம் இருக்கிறது: தூரை மக்கள் தலைமுறையிலிருந்தே எண்ண வேண்டும் என்பது பழைய ஆங்கில முறை, உயிரோடு ஒருவராவது இருக்கும் முதல் தலைமுறையிலிருந்து எண்ண வேண்டும் என்பது இன்னொரு முறை, ஒவ்வொரு தலைமுறையிலும் மிச்சத்தைத் திரட்டிச் சமமாகப் பிரிக்கும் மூன்றாவது முறையை அங்குள்ள மாதிரிச் சட்டம் ஒன்று 1990-இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அந்த ஊர் விளக்கத்தைப் படித்துவிட்டு இந்த ஊர் வீட்டுக்குக் கணக்குப் போடுவதால் வரும் சச்சரவுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் உயிலில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. மூன்று மகன்களுக்கு என்று சொல்லித் தொடங்குவதால், தூர் மூன்று என்பதை அவரே எண்ணிவிட்டார்.

ஆகவே, வீடு முழுவதும் ஐயாவுக்கே உரியது என்று வைத்துக்கொண்டால், கணக்கு இதுதான். உங்கள் அப்பச்சிக்கு உரிய 1/3, உங்கள் நால்வருக்கும் சேர்த்து, ஆளுக்கு 1/12. பெரிய சித்தப்பா ஐயாவுக்குப் பின்னும் உயிரோடு இருந்ததால் அவருடைய 1/3 அன்றே அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் பங்குக்குப் பெர் ஸ்டிர்பீஸ் என்ற சொல்லே தேவைப்படவில்லை. அவர் காலத்துக்குப் பின் அது அவருடைய சொந்த வாரிசுகளுக்குப் போகிறது, அதாவது மகனோடு சித்தியும் இருந்தால் சித்திக்கும். சின்னச் சித்தப்பா கிளைக்கும் அப்படியே. எட்டில் ஒரு பங்கு என்பது எந்த வழியில் போனாலும் வராது. இது உங்களுக்கும் அண்ணன்மாருக்கும் இனிப்பான பதில் அன்று என்பது தெரியும். ஆனால் ஆளுக்கு 1/8 என்று வழக்குப் போட்டால், முதல்நிலைத் தீர்ப்பாணையில் 1/12 என்றுதான் எழுதப்படும், இடையில் போகும் ஆண்டுகள் திரும்பி வரா.

இந்த வரியில் நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் லத்தீன் சொல்லைவிட அதற்கு முன்னால் நிற்கும் ‘இஷ்யூ’ என்பதுதான். அதன் பொருள் ஒருவரின் வயிற்றுவழி வந்த சந்ததி. ஆண் என்றும் பெண் என்றும் அதில் வேறுபாடு இல்லை. நம் வட்டாரத்தில் பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, வீடு ஆண்பிள்ளைகளாகிய பங்காளிகளுக்கே என்பது வழக்கம், அதை உங்கள் அண்ணன்மார் மனத்தில் வைத்திருக்கக்கூடும். உங்கள் கேள்வியில் ‘எனக்கும் உண்டா’ என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உண்டு. மூன்று அண்ணன்மாருக்கு எவ்வளவோ அவ்வளவே உங்களுக்கும். இதற்கு மகளுக்குப் பிறப்புரிமை தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தமோ, அதற்கு முன் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமோ தேவையில்லை. உங்கள் ஐயா 1968-இல் கையெழுத்திட்ட சொல்லே போதும்.

அதே சொல் உங்கள் அம்மாவை வெளியே நிறுத்துகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருமகள் ‘இஷ்யூ’ ஆக மாட்டார். உயில் இல்லாமல் ஐயா இறந்திருந்தால், 10-ஆம் பிரிவின்படி முன்னிறந்த மகனின் கிளையில் அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் சமப் பங்கு. அப்போது உங்கள் கிளைக்கு வரும் 1/3-ஐ அம்மாவும் நீங்கள் நால்வருமாக ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 1/15 என்று ஆகியிருக்கும். கிளைவழி என்று இரண்டையும் ஒரே பெயரால் சொன்னாலும், உயிலின் கிளைவழியும் சட்டத்தின் கிளைவழியும் இந்த இடத்தில் பிரிகின்றன. அம்மா இன்னும் அந்த வீட்டில் உங்கள் அறையிலேயே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நால்வரும் ஒத்துப்போனால், அவர் ஆயுள் உள்ளவரை அங்கே இருக்கும் உரிமையை ஒரு பத்திரமாகவே எழுதிப் பதிந்துவிடலாம். வெளியாருக்கு விற்கும் பேச்சு வருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் உயிலின் தட்டச்சுப் படியில், ‘ஸ்டிர்பீஸ்’ என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறி, ஆங்கிலத்தில் கோடுகள் என்று பொருள்படும் ‘ஸ்டிரைப்ஸ்’ ஆகியிருந்தது. மூலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதிலும் அப்படியே இருந்தது; தட்டச்சு செய்தவர் அறியாத சொல்லை அறிந்த சொல்லாக்கிவிட்டார், எழுதிவைத்தவரும் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டார். எதிர்த்தரப்பு அந்த வரியே செல்லாது என்று சொல்லிப் பார்த்தது. நல்லவேளையாக, உயிலில் கலைச்சொல் எதுவும் இருந்தாக வேண்டியதில்லை, எழுதியவரின் எண்ணம் விளங்கினால் போதும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவே சொல்கிறது. இந்துக்களின் உயிலுக்கும் அது பொருந்தும். இதைவிடத் தொல்லை தந்தது இன்னொரு வழக்கு. அதில் யாரோ செய்த தமிழாக்கம் பெர் ஸ்டிர்பீஸ் என்பதைத் ‘தலைமுறைதோறும்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள், பரம்பரை பரம்பரையாக ஆள வேண்டும், விற்கக் கூடாது என்று ஐயா கட்டளையிட்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டு, வந்த விலையை வேண்டாம் என்று சொல்லி வீட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் இறங்கி இரண்டாங்கட்டின் ஓட்டுக்கூரை சரிந்தது. பெர் ஸ்டிர்பீஸ் என்பது பங்கின் அளவைச் சொல்லும் சொல் மட்டுமே. விற்கத் தடை, ஆயுள் உரிமை, பரம்பரை ஆட்சி என்று எதுவும் அதற்குள் இல்லை.

நான் உறுதியாகச் சொல்வது இவ்வளவு. சொல்லின் பொருள், ரோமானிய மூலம், 10-ஆம் பிரிவுக்கும் 19-ஆம் பிரிவுக்கும் உள்ள உறவு, இஷ்யூ என்ற சொல் பெண்ணையும் உட்கொள்ளும் என்பது, இவற்றில் ஐயமில்லை. மேலே போட்ட பின்னங்கள் மட்டும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன: வீடு முழுவதும் ஐயாவின் தனிச்சொத்தாக இருந்திருக்க வேண்டும். அவர் பினாங்கில் சம்பாதித்துக் கட்டியதானால் பிரச்சினை இல்லை. அவருடைய தகப்பனாரோ பாட்டனாரோ கட்டியதானால் அது குடும்பச் சொத்து. அதில் தம்முடைய பங்கை மட்டுமே அவர் உயிலில் விட முடியும், மீதியில் மகன்களுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. அப்போதும் கிளைவழி மாறாது, ஆனால் பின்னங்கள் மாறும். அதோடு 1971-இல் உங்கள் அப்பச்சி இறந்தபோது அவருக்கு அந்தக் குடும்பச் சொத்தில் இருந்த பங்கு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அன்றிருந்த 6-ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி மனைவிக்கும் மக்களுக்கும் இறங்கியிருக்கும் என்பதால், உயில் விலக்கிய உங்கள் அம்மாவுக்கும் அந்த வழியில் பங்கு கிடைக்க இடமுண்டு. உயிலின் முழுப்படியும் மூலப் பத்திரமும் இல்லாமல் இதற்கு மேல் நான் கணக்குப் போடுவது சரியாகாது.

எனவே அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வீடு எப்போது, யார் பணத்தில் எழுந்தது என்பதைக் காட்டும் காகிதங்களைத் தேடுங்கள்: மனை வாங்கிய கிரயப் பத்திரம், பழைய வீட்டு வரி ரசீதுகள், பினாங்குக் கடையிலிருந்து கட்டட வேலைக்குப் பணம் அனுப்பிய கணக்கு ஏடுகள். முகப்பின் இரும்புக் கம்பி வேலைப்பாட்டிலோ நிலைக்கு மேலேயோ வீட்டு விலாசமான, குடும்பத்தாரின் பெயர் முதலெழுத்துகளும், சில வீடுகளில் கட்டிய ஆண்டும் இருக்கும். அது மட்டும் நீதிமன்றத்தில் சான்றாகப் போதாது என்றாலும், அந்த எழுத்துகள் ஐயாவுடையவையா அவர் தகப்பனாருடையவையா என்பதைப் பார்த்தாலே, எந்தத் தலைமுறைப் பத்திரத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு அது நினைவில் இருக்கக்கூடும், முதலில் அவரிடமே கேளுங்கள்.